ஒரே வாய்க்கால், வெவ்வேறு சின்னம்: வன்னியில் அயலவரோடு உடன்பாடு காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்க் கிராமங்களில் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களும், எந்தப் பொறுப்பும் இல்லாமல் அயலோடு நல்லபடி இருக்க விரும்புகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

எல்லாரும் ஒரே துன்பம் பட்ட ஊர். தேர்தல் வந்தால் ஏன் இப்படிப் பிரிகிறது?

வெளியில் இருந்து பார்க்கிறவருக்குத்தான் அது ஒரே துன்பம். ஒரு ஒழுங்கைக்குள்ளேயே நாலு விதமான அனுபவம் இருக்கும். பரம்பரையாக இங்கேயே கமம் செய்த குடும்பம், 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம், 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் பல வருடம் கழித்துத் திரும்பிய முஸ்லிம் குடும்பம். பிள்ளை தானாக இயக்கத்துக்குப் போன வீடும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகப் பறிகொடுத்த வீடும் ஒரே வேலியைப் பங்குபோடுகின்றன. இவர்கள் ஒரே கட்சிக்கு வாக்குப் போடவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

இன்னொன்று, ஊருக்குள் கட்சிப் போட்டி என்பதே வன்னிக்குப் புதிது. 2009 வரை இதன் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2005 சனாதிபதித் தேர்தலில் அங்கே வாக்களிப்பே புறக்கணிக்கப்பட்டது. வென்றவரும் தோற்றவரும் மறுநாள் ஒரே கடையில் தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் வளர அதிக காலம் கிடைக்கவில்லை.

வாக்குச் சீட்டும் பிரிக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலில் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேரும். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டம், 6 ஆசனம். ஒருவர் கட்சிக்கு ஒரு வாக்கும் வேட்பாளர்களுக்கு மூன்று விருப்பு வாக்கு வரையும் போடலாம். ஆகவே ஒரே கட்சிக்காரர் இருவர் விருப்பு வாக்குக்காகப் பகைப்பதும் நடக்கிறது. 2024 செப்ரெம்பர் 21 சனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் சங்குச் சின்னத்தில் நின்றார். தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு வேலை செய்தவர்களும் ஊரில் இருந்தார்கள். ஒரே குசினியில் சாப்பிடுகிற மூன்று பேர் மூன்று சின்னத்துக்குப் போட்ட வீடுகள் உண்டு. அந்த வீடுகள் உடையவில்லை. வீடு தாங்குவதை ஒழுங்கையும் தாங்கும்.

எங்கள் பிரச்சினை உண்மையில் அரசியல்தானா என்று எப்படி அறிவது?

பேச்சு எப்போது நின்றது என்று தேதியைத் தேடுங்கள். வேட்புமனு கொடுப்பதற்கு முன்பே நின்றிருந்தால் அது பெரும்பாலும் எல்லைக் கதியால் (வேலித் தடி), கட்டாக்காலி மாடு, கொடுத்து வாங்காத காசு, அல்லது யாரும் வாய்விட்டுச் சொல்லாத சாதிப் பிரச்சினை. கட்சி அதற்குப் பிறகு வந்து ஏறிய சட்டை. எல்லைப் பிணக்கை அரசியல் பேசித் தீர்க்க முடியாது. இருவரின் அனுமதிப்பத்திரத்தையோ உறுதியையோ பக்கத்தில் வைத்து, நில அளவைப் படத்தோடு ஒத்துப் பாருங்கள். போரில் பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் இருக்கும் பதிவைக் கேளுங்கள். சாதிப் பிரச்சினை என்றால் அதை அந்தப் பெயரிலேயே பேசவேண்டும். கட்சி என்ற பெயரில் மூடி வைத்தால் அது கோயில் திருவிழாவில் மறுபடி வரும்.

எதில் இருந்து தொடங்குவது?

இருவருக்கும் நட்டம் வரக்கூடிய ஒரு வேலையில் இருந்து. கருத்தில் ஒற்றுமை தேடிப் போனால் பழைய காயங்களுக்குத்தான் போய்ச் சேருவீர்கள். வாய்க்கால் அடைபட்டால் வீட்டுச் சின்னக்காரர் வயலும் காயும், சைக்கிள் சின்னக்காரர் வயலும் காயும்.

வன்னிக்குப் பொருத்தமானவை: காலபோகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவு, சிறுபோக நீர்ப் பங்கீடு, கட்டாக்காலி மாடு, யானைக் காவல், ஒழுங்கைக்கு கிரவல் போடுவது, மரண உதவிச் சங்கம், மாரி வெள்ளத்துக்கு முந்திய ஆயத்தம். 2018 டிசெம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தண்ணீர் எந்த வீட்டையும் கட்சி கேட்டுப் புகவில்லை.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்த காலத்தில், கட்சி வேறானவர்கள் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். பின்னர் குடாநாட்டுக் குடிநீருக்காகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டது. அந்த எதிர்ப்பு சரியா என்பதில் வன்னியும் குடாநாடும் இன்றும் ஒத்துப்போகாது. ஆனால் தங்கள் குளம் என்று வந்தபோது ஊருக்குள் எப்படி ஒத்துப்போனார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வாய்க்கால் துப்புரவை இரு தரப்பும் சேர்ந்து செய்வது எப்படி? ஒவ்வொரு வருடமும் சண்டையில் முடிகிறது.

சண்டை வருவதற்கான காரணம் பெரும்பாலும் அளவு இல்லாதது. "எல்லாரும் வாங்கோ" என்று அறிவித்தால் வந்தவர் வராதவரை ஏசுவார். ஏச்சு உடனே கட்சிப் பெயரோடு வரும். இப்படிச் செய்யுங்கள்.

முதலில் வாய்க்காலை அளவுங்கள். 30 மீற்றர்க் கயிறு ஒன்று போதும். அளக்க இரண்டு பேர் போகவேண்டும், இருவரும் வெவ்வேறு பக்கத்து ஆட்கள். குளத்துத் துலுசில் (மதகில்) இருந்து கடைசி வயல் வரை 1,200 மீற்றர், பாயும் காணி 80 ஏக்கர் என்று வைப்போம். ஏக்கருக்கு 15 மீற்றர். நாலு ஏக்கர் உள்ளவருக்கு 60 மீற்றர், அரை ஏக்கர் உள்ளவருக்கு ஏழரை. குத்தகைக்குச் செய்கிறவர் என்றால் அந்தப் போகத்தில் செய்கிறவருக்கே பங்கு. இதை எழுதாமல் விட்டால் காணிக்காரரும் குத்தகைக்காரரும் ஆளை ஆள் காட்டுவார்கள்.

அடுத்து, தடி நட்டு இலக்கம் போடுங்கள். இலக்கத்தைச் சீட்டுப் போட்டு எடுங்கள். அவரவர் வயலுக்கு நேரே உள்ள துண்டைக் கொடுப்பது வசதியாகத் தெரியும். அதில் இரண்டு பிழை உண்டு. துலுசுக்கும் முதல் வயலுக்கும் இடையில் உள்ள துண்டு யாருக்கும் சொந்தம் இல்லாமல் போகும், கடைசியில் அதுதான் அடைபட்டுக் கிடக்கும். அதோடு நண்பர்கள் நண்பர்களுக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். சீட்டு விழுந்தால் பேசாத இருவர் பக்கத்துத் துண்டில் நிற்பார்கள். மண்வெட்டி ஒன்று உடைந்தால் பக்கத்தில் நிற்கிறவரிடம்தான் கேட்கவேண்டி வரும். மூன்று மாதக் கோபம் பல இடங்களில் அப்படித்தான் கரைகிறது.

மூன்றாவது, தண்ணீர் திறக்கிற நாளுக்கு ஐந்து நாள் முன்னே பார்வை. அன்றும் இரு பக்கத்திலும் ஒருவர். செய்யாத துண்டை ஆள் பிடித்துச் செய்வித்து, கூலியைச் செய்யாதவரிடம் வாங்குவது என்று கூட்டத்தில் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். பிறகு போய்க் கேட்டால் அது பழிவாங்கலாகத் தெரியும். தலைவாய்க்காலில் காணி உள்ளவர்கள் வராமல் விடுவது வழமை, அவர்களுக்கு எப்படியும் தண்ணீர் வரும். கடைமடைக்காரர் எப்போதும் வருவார்கள். தலைமடையில் ஒரு கட்சிக்காரரும் கடைமடையில் இன்னொரு கட்சிக்காரரும் இருந்துவிட்டால், தண்ணீர்ப் பிரச்சினை முழுக்க அரசியலாகப் பேசப்படும். பார்வைக் குழுவில் ஒருவர் கட்டாயம் கடைமடையில் இருந்து வரவேண்டும்.

கமக்கார அமைப்புக் கூட்டமோ கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டமோ கட்சி மேடையாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

இதில் கண்டிப்பாக இருங்கள். கீழே உள்ளவற்றைப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக எடுத்து, கூட்டக்குறிப்புப் புத்தகத்தில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தேர்தல் அறிவித்த பிறகு எடுக்கிற தீர்மானம் யாரையோ குறிவைத்ததாகவே பார்க்கப்படும். தேர்தல் மணம் இல்லாத மாதத்தில் எடுங்கள்.

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் யாராவது வேட்பாளரானால், வேட்புமனு நாளில் இருந்து முடிவு வரும்வரை பொறுப்பை உப பதவிக்காரரிடம் கொடுத்து ஒதுங்கி இருப்பார். பதவி விலகத் தேவையில்லை. விலகச் சொன்னால்தான் சண்டை.

அரசியல்வாதியைக் கூப்பிடுவது நிர்வாகசபைத் தீர்மானத்தோடு மட்டும். கூப்பிட்டால், கோரிக்கைக் கடிதத்தின் பிரதியை மற்றத் தரப்பு உறுப்பினருக்கும் அதே கிழமைக்குள் கொடுக்கவேண்டும். ஒழுங்கைக்கு கிரவல் போட்டவர் யார் என்று பலகை நடுவது சங்கத்தின் வேலை இல்லை.

மண்டபம், கதிரை, தறப்பாள், ஒலிபெருக்கி எல்லாம் எந்தக் கட்சிக்கும் ஒரே வாடகை, ஒரே முற்பணம். இல்லையென்றால் எந்தக் கட்சிக்கும் இல்லை. "எங்கட ஆக்கள்தானே" என்று ஒரு தடவை இலவசமாகக் கொடுத்த கதிரை, அடுத்த ஐந்து வருடம் பேசப்படும்.

நிகழ்ச்சி நிரலில் இல்லாத விடயத்தைத் தலைவர் நிறுத்தவேண்டும். நிறுத்துவதற்கு ஒரு வசனம் தயாராக இருக்கட்டும்: "அண்ணை, அது முக்கியமான கதைதான். கூட்டம் முடிய மரத்தடியில இருந்து கதைப்பம். இப்ப துலுசுக் கதவைப் பற்றி முடிப்பம்." பெரும்பாலானவர்கள் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு சிறு குறிப்பு: யாரிடம் போவது என்பதிலும் கட்சிச் சண்டை வருகிறது. பாயும் காணி 80 ஹெக்டயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு உட்பட்ட சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு. சரியான கந்தோருக்குச் சரியான கடிதம் போனால், "எங்கட எம்.பி.யிட்டச் சொல்லி எடுப்பம்" என்ற தேவை பாதி குறையும்.

உதவித்திட்டப் பட்டியல் வந்தால் ஊர் எரிகிறது. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவில் தொடங்கி வீட்டுத்திட்டம் வரை.

வாக்கை விட ஊரைப் பிரிப்பது இதுதான். 2023 இல் அஸ்வெசும வந்தபோது, பெயர் விடுபட்டவர் மேன்முறையீடு செய்யவும், தகுதி இல்லாதவர் பெயர் இருந்தால் மற்றவர் ஆட்சேபனை கொடுக்கவும் இடம் இருந்தது. அந்த இரண்டாவது வழியால் பல அயல்கள் கெட்டன. யார் எழுதியது என்று தெரியாத ஒரு கடிதம், கட்சி வேறான பக்கத்து வீட்டின் தலையில் விழும்.

இரண்டு விடயம் செய்யலாம். பட்டியல் வந்த அன்றே அதைக் கிராம அலுவலர் அலுவலகத்தோடு சேர்த்துச் சனசமூக நிலையத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். அளவுகோல் என்ன என்பதை உத்தியோகத்தரே வந்து, எல்லாரும் இருக்கும்போது தமிழில் வாசித்து விளக்கட்டும். இரண்டாவது, அடுத்தவர் மேல் ஆட்சேபனை எழுத முன்னர், விடுபட்ட ஏழைக் குடும்பங்களின் மேன்முறையீட்டைச் சேர்ந்து எழுதுங்கள். எழுத வாசிக்கச் சிரமப்படுகிற முதியவரின் படிவத்தை மற்றக் கட்சிக்காரரின் மகள் நிரப்பிக் கொடுத்தால், அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் அதற்குப் பிறகு வருகிற வாக்குவாதம் வேறு குரலில் நடக்கும்.

தேர்தல் காலத்துக்கு மட்டும் ஏதாவது ஒழுங்கு செய்யலாமா?

செய்யலாம். ஒழுங்கைக்குள் இருக்கும் ஆதரவாளர்கள் மூன்று நாலு பேர் சேர்ந்து வாய்ப் பேச்சாகவே ஒத்துக்கொள்ளக் கூடியவை இவை:

மதிலிலும் படலையிலும் வீட்டுக்காரரைக் கேட்காமல் எதுவும் ஒட்டுவதில்லை. பொது இடத்தில் சுவரொட்டி ஒட்டுவது சட்டப்படியே தடை. சாவீடு நடக்கிற ஒழுங்கையில் எட்டுச் செலவு முடியும் வரை ஒலிபெருக்கி இல்லை. பரீட்சைக் காலத்தில் மாலை ஆறு மணிக்குப் பிறகும் இல்லை. வெளியூரில் இருந்து வருகிற பிரசாரக் குழுவோடு உள்ளூர் ஆள் ஒருவர் கட்டாயம் நடக்கவேண்டும், ஏனென்றால் வெளியூர்ப் பெடியனுக்கு எந்தப் படலைக்குள் எதைப் பேசக்கூடாது என்று தெரியாது. வாக்களிப்புக்கு முந்திய 48 மணி நேரம் பிரசாரம் சட்டப்படி முடிகிறது, அந்த இரண்டு நாளும் வீடு வீடாகப் போய் "இரகசியமாக" கேட்பதையும் நிறுத்துங்கள். சாராயம் வாங்கிக் கொடுப்பதில்லை. கைகலப்பில் முடிந்தவற்றில் சாராயம் இல்லாதது குறைவு.

உள்ளூராட்சித் தேர்தல் கூடுதலாகச் சுடும். முடிவு வட்டார வாரியாக வெளியாகும். வேட்பாளர் மச்சானாகவோ மாமாவாகவோ இருப்பார். 2025 மே 6 தேர்தலிலும் அப்படித்தான். "இந்த நாற்பது வாக்கும் எந்த வீடுகள்" என்று கணக்குப் போடுவது அன்றிரவே தொடங்கும். அந்தக் கணக்குக்குப் பெயர் ஊகம். வாக்குச் சீட்டில் யாருடைய பெயரும் இல்லை. தோற்றவரின் வீட்டுக்கு முன்னால் வெடி கொளுத்துவதில்லை என்பதை மட்டுமாவது முன்கூட்டிப் பேசி வையுங்கள்.

மே 18 (முள்ளிவாய்க்கால்), நவம்பர் 27 (மாவீரர் நாள்) நினைவேந்தலை யார் நடத்துவது என்பதில் பிளவு வருகிறது.

இழந்தவர்களுக்கே முதலிடம். சுடரை ஏற்றுவது குடும்பத்தவர், அதிலும் அந்த ஒழுங்கையில் அதிகம் பறிகொடுத்த தாய் அல்லது தகப்பன். கட்சிப் பதாகை இல்லை, உரை இல்லை, ஒலிவாங்கியில் பெயர்களையும் அமைதிக்கான நேரத்தையும் மட்டும் அறிவித்தால் போதும். அரசியல்வாதி வந்தால் வரிசையில் நிற்கட்டும். முள்ளிவாய்க்கால் கஞ்சிக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுண்டு அரிசி சேர்ப்பது பிளவைக் குறைக்கும், ஒரே ஆள் மூட்டையாகக் கொடுத்தால் அது அவருடைய கஞ்சி ஆகிவிடும்.

வராதவரை ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். பிள்ளையைப் பலவந்தமாகப் பறிகொடுத்த தாய்க்கு நவம்பர் 27 வேறு விதமாக வலிக்கலாம். அந்தத் துக்கத்துக்கும் அந்த ஊரில் இடம் வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்குள்ளேயே கருத்து வேறாக இருக்கிறது. அயலவர் என்ன செய்யவேண்டும்?

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல் போனோர் அலுவலகத்தை அவர்களில் பலர் நம்பவில்லை. வேறு சிலர் அங்கே விண்ணப்பித்தார்கள், காணாமல் போனமைக்கான சான்றிதழும் எடுத்தார்கள். அந்தச் சான்றிதழ் ஆள் இறந்துவிட்டதாகச் சொல்வதில்லை. வங்கிக் கணக்கு, காணி, பிள்ளைகளின் அலுவல் போன்றவற்றைக் குடும்பம் பார்க்க வழி செய்கிறது. "காசுக்காகப் பிள்ளையை விட்டுக் கொடுத்தாள்" என்று சொல்கிறவர் இதை அறியாமல் சொல்கிறார். அப்படிப் பேச்சு வந்தால் அந்த இடத்திலேயே திருத்துங்கள். கந்தோருக்கோ போராட்டக் கொட்டிலுக்கோ, எங்கே போகிறவருக்கும் அன்று பிள்ளைகளைப் பார்க்கவும் மாட்டை அவிழ்த்துக் கட்டவும் ஆள் வேண்டும். இரண்டு பேருக்கும் அதைச் செய்யுங்கள்.

ஊர் வட்ஸ்அப் குழுவை என்ன செய்வது?

இரண்டாகப் பிரியுங்கள். அறிவித்தல் குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம்: தண்ணீர் திறக்கும் நேரம், மின்தடை, சாவு, யானை வந்த இடம். நிர்வாகி மூன்று பேர், ஒரே கட்சி ஆதரவாளர் இருவருக்கு மேல் கூடாது. மற்றது கதைக்கிற குழு, விரும்பியவர் இருக்கலாம். முதல் குழுவில் முன்னனுப்பிய காணொளி எதுவும் போடுவதில்லை. பிழையான செய்தி போட்டவர் அதே குழுவில் திருத்தம் போடவேண்டும், தனியாகச் சொன்னால் போதாது. குரல் பதிவு கோபத்தைக் கூட்டும். இரவு பத்து மணிக்குப் பிறகு வந்ததற்குக் காலையில் பதில் சொல்லுங்கள்.

வாய்த்தர்க்கம் முற்றிவிட்டது. இனி எப்படிப் பேசுவது?

அன்றே போகாதீர்கள், ஒரு மாதம் விடவும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து, காலையில், தனியாக, படலையில் நின்று கூப்பிடுங்கள். இளையவர் முதலில் போவது எங்கள் வழக்கத்தில் சுலபம். மூத்தவர் போனால் அதற்கு மதிப்பு இன்னும் கூட. கருத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, சொல்லுக்குக் கேளுங்கள்: "அண்ணை, நான் நினைக்கிறது அதுதான். ஆனா அண்டைக்கு உங்கட பிள்ளையை இழுத்துக் கதைச்சது பிழை." இதோடு நிறுத்தவேண்டும். "ஆனா நீங்களும்..." என்று தொடங்கினால் போன காரியம் கெட்டது. பிறகு ஏதாவது வேலைக் கதை கேளுங்கள், விதைநெல் எங்கே எடுத்தார் என்று.

"துரோகி" என்ற சொல் விழுந்திருந்தால் நீங்கள் தனியாகப் போய்ச் சரிவராது. வன்னியில் அந்தச் சொல்லுக்கு உயிர்கள் போயிருக்கின்றன. இருவரும் மதிக்கிற ஒருவரை, பெரியப்பா முறையானவரோ ஐயரோ பாதரோ மௌலவியோ, கூட்டிக்கொண்டு போங்கள்.

மிரட்டல் வந்தால்? அடி விழுந்தால்?

அது அயல் சமாதானத்துக்கு உரிய விடயம் இல்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள், அவசரத்துக்கு 119. தேர்தல் தொடர்பானது என்றால் மாவட்டத் தேர்தல் முறைப்பாட்டு நிலையத்துக்கும் அறிவியுங்கள்.

வேலி, கடன், ஏச்சுப் பேச்சு, சிறு சேதம் போன்றவற்றுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது, ஊரில் இணக்க சபை என்பார்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. குழாமில் இருந்து நீங்கள் ஒருவரையும் எதிர்த்தரப்பு ஒருவரையும் தெரிய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவார்கள். சட்டத்தரணி வாதாட இடம் இல்லை. மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லமாட்டார், உடன்பாட்டுக்கு உதவுவார். சரிவராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். ஒரு கட்சியில் தீவிரமாக வேலை செய்கிறவரை மத்தியஸ்தராகத் தெரியாதீர்கள், அவர் உங்கள் கட்சி என்றாலும்.

ஒருவர் எதற்கும் வரமாட்டேன் என்கிறார். விட்டுவிடலாமா?

அவருடைய பெயரைப் பட்டியலில் இருந்து எடுக்காதீர்கள். கூட்ட அறிவித்தல் அவருக்கும் போகட்டும். வாய்க்கால் பங்குக்கு மற்றவர்களுக்குள்ள விதியே அவருக்கும்: செய்யாவிட்டால் கூலி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அவருடைய முறை வரும்போது தண்ணீர் அவருடைய வயலுக்கும் முழு நேரம் பாயவேண்டும். யானை வந்தால் அவருக்கும் தொலைபேசி எடுங்கள். சங்கச் சந்தா கட்டாவிட்டாலும் அவர் வீட்டுச் சாவுக்குக் கதிரையும் தறப்பாளும் கேட்காமலே போகட்டும், நிலுவையை அந்தியேட்டி முடிந்த பிறகு எழுதிக் கொடுக்கலாம்.